சமைத்தவரும் உட்காரும் மதிய விருந்து: முதல் முறை வைப்பவர்களுக்கு

நமக்குத் தெரியாத ஒரு வேலையைச் செய்கிற ஒருவரை ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். கூட நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவரோடு பேச வேண்டும். அவ்வளவுதான் விஷயம். திருச்சியில் எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக மாதம் ஒரு தடவை இது நடக்கிறது. எப்படிச் செய்கிறீர்கள் என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் தடவை நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் அங்கேதான் பழுது பார்க்கப்படுகின்றன, புதிதாகவும் செய்யப்படுகின்றன. அந்த எஞ்சின்களில் கை வைத்தவர் அவர். மொத்தம் பதினொரு பேர். பூரி மசாலா, கேசரி. அம்மா அடுப்படியில் பூரி சுட, நான் ஓடி ஓடிப் பரிமாற, சார் வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்து அமைதியாக ஐந்து பூரி சாப்பிட்டார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிட்டார்.

பாத்திரம் கழுவும்போது அம்மா கேட்டார்: "அவரு என்னடா சொன்னாரு?"

"பூரி நல்லா இருந்துச்சாம்."

தப்பு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. நம்மூரில் விருந்து என்றால் ஒருவர் நிற்பார், ஒருவர் சாப்பிடுவார். நிற்பவருக்குப் பசி, சாப்பிடுபவருக்குக் கூச்சம். பேச்சுக்கு அதில் இடமே கிடையாது. ஆகவே கீழே சொல்லும் எல்லாமே ஒரே ஒரு காரியத்துக்காக: சமைத்தவரும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

படி 1: யாரைக் கூப்பிடுவது

பிரபலம் யாரும் வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே பத்து மேடையில் சொன்னதைத்தான் பதினோராவதாக உங்களிடம் சொல்வார்கள். தன் வேலையைப் பற்றி யாரும் கேட்டிராத ஆளைத் தேடுங்கள். காந்தி மார்க்கெட் பக்கம் வாழை இலை ஏலம் எடுக்கிறவர், காது கேளாதோர் பள்ளியில் சைகை மொழி சொல்லித்தருகிறவர், பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர், பஸ் டிப்போவில் டயர் பார்க்கிறவர். எங்கள் வீட்டில் இதுவரை அதிக நேரம் போன பேச்சு இலை வியாபாரியோடுதான். எந்த ரக வாழை இலைக்கு ஆகும், எது ஆகாது, காற்றுக் காலத்தில் கிழியாமல் எப்படிக் காப்பது என்று மூன்று மணி நேரம்.

ஒரு விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இதுவரை யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்கள், அப்புறம் நம்மைப் போலவே இருப்பவர்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது இந்த ஊரில் சின்ன விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதில் கிளம்பிய சண்டை, அன்றைய காங்கிரஸையே உலுக்கியது. இன்றும் சுதந்திர தினத்தன்று கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. நல்லதுதான். ஆனால் வருஷத்தில் ஒருநாள் கோயிலில் நடப்பது நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

படி 2: ஆறு பேர், அதற்கு மேல் வேண்டாம்

உங்களையும் சேர்த்து ஆறு. ஏழாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாக உடைந்துவிடும். ஒரு பக்கம் எஞ்சின், மறுபக்கம் யாருக்கோ வரன். மூன்று பேர் என்றால் நேர்காணல் மாதிரி ஆகிவிடும், வந்தவர் வியர்த்துப் போவார். விருந்தாளி தன் துணையையோ நண்பரையோ கூட்டி வரலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அந்த இடத்தையும் ஆறில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கூப்பிடும் விதம்

வாட்ஸ்அப் செய்தி போதாது. நேரில் போங்கள், முடியாவிட்டால் ஃபோன். நேரத்தின் இரண்டு முனையையும் சொல்லுங்கள்: "பன்னிரண்டரைக்கு வாங்க சார், மூணு மணிக்கெல்லாம் விட்டுடுவோம்." எப்போது கிளம்பலாம் என்று தெரிந்த விருந்தாளிதான் நிம்மதியாக உட்காருவார்.

எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். "உங்க வேலையைப் பத்திக் கேக்கணும்னு ஆசை" என்று சொன்னால் நம்பாமல் சிரிப்பார்கள். பரவாயில்லை. சொல்லாமல் விட்டால், ஏதோ சீட்டுக் கம்பெனியில் சேர்த்துவிடப் போகிறீர்களோ என்று பயந்துகொண்டே வருவார்கள். எங்களுக்கு அப்படி ஒரு தடவை ஆனது.

சாப்பாட்டைப் பற்றி "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். "எதுனாலும் சரி" என்பதுதான் பதிலாக வரும். "எதெல்லாம் சாப்பிட மாட்டீங்க?" என்று கேளுங்கள். சர்க்கரை, உப்புக் கட்டுப்பாடு, புரட்டாசி விரதம், கத்தரிக்காய் அரிப்பு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

படி 4: சமையல்

சுடச் சுடப் போட வேண்டிய எதுவும் கூடாது. பூரி, தோசை, சப்பாத்தி, பஜ்ஜி எல்லாம் தள்ளுபடி. இவை இருந்தால் வீட்டில் ஒருவர் கடைசி வரை அடுப்படியில்தான் நிற்பார், அது பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். பிரியாணியும் வேண்டாம் என்பேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் கண் சொருகும். நண்டு போட்டால் பேச்சே நின்றுவிடும், எல்லோரும் ஓடு உடைப்பதில் இறங்கிவிடுவார்கள். முள் அதிகமுள்ள மீனும் அப்படித்தான்.

ஆறு பேருக்கு எங்கள் வீட்டுக் கணக்கு இது:

சனிக்கிழமை இரவே வத்தக்குழம்பு வைத்துவிடுங்கள். சுண்டைக்காய் வற்றல், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகப் புளி, தாராளமாக நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்கட்டும். முதல்நாள் வைத்த வத்தக்குழம்பு மறுநாள்தான் ருசியாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் நல்லகாலம், அது நமக்குத் தோதாகவும் அமைந்துவிட்டது. தயிரையும் அன்றிரவே உறைக்கு ஊற்றிவிடுங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கினால் போதும். 200 கிராம் பாசிப்பருப்பில் ஒரு கூட்டு, புடலங்காயோ சுரைக்காயோ. பீன்ஸ் அல்லது முட்டைக்கோஸ் பொரியல். மிளகு ரசம். அப்பளத்தைப் பொரித்து ஆறவிட்டு, டப்பாவில் இறுக்கமாக மூடி வையுங்கள். முக்கால் கிலோ அரிசியை பன்னிரண்டு மணிக்கு வடித்து ஹாட்பாக்கில் போட்டுவிட்டால் இரண்டு மணி வரை சூடு நிற்கும். அசைவம் வேண்டும் என்றால் கோழி வறுவல் ஒன்றை மட்டும் முன்கூட்டிச் செய்து வைக்கலாம்.

பாயசம் வைக்காதீர்கள். சேமியா பாயசம் காத்திருந்தால் கூழாகிவிடும், மறுபடி பால் ஊற்றிச் சூடு பண்ண யாராவது எழுந்து போக வேண்டும். பூவன் பழம் ஒரு சீப்பு வாங்கி நடுவில் வையுங்கள். தீர்ந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு அடுப்பை அணைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் எரிந்தால் பதார்த்தம் ஒன்று கூடிப்போய்விட்டது என்று அர்த்தம், அடுத்த மாதம் அதைக் குறையுங்கள்.

படி 5: உட்காரும் விதம்

பந்தி வரிசையில் உட்கார வைத்தால் இடப்பக்கத்து ஆளும் வலப்பக்கத்து ஆளும் மட்டுமே காதில் விழுவார்கள். வட்டமாக உட்காருங்கள். சாப்பாட்டு மேசை இருந்தால் மேசை, இல்லாவிட்டால் தரையில் பாய் விரித்து நடுவில் எல்லாப் பாத்திரங்களும். முழங்கால் வலி உள்ளவர் வருகிறார் என்றால் எல்லோருமே நாற்காலிக்கு மாறிவிடுங்கள். அவரை மட்டும் உயரத்தில் உட்கார வைத்தால் மேடை போட்ட மாதிரி இருக்கும்.

தலைவாழை இலை அழகுதான். ஆனால் இலையில் ரசம் ஓடும், அதைத் தடுப்பதிலேயே கவனம் போகும். இலை போட்டுவிட்டால் யாராவது நின்று பரிமாறித்தான் ஆக வேண்டும் என்ற பழக்கமும் கூடவே வந்துவிடும். எவர்சில்வர் தட்டும் ஆளுக்கொரு கிண்ணமும் போதும். முதல் கரண்டியை மட்டும் நீங்கள் விருந்தாளிக்குப் பரிமாறுங்கள், அந்த மரியாதை வேண்டும். அப்புறம் அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு பானைத் தண்ணீரும் தம்ளர்களும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிவியை அணைப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 6: பேச்சு

அறிமுகத்தை நீங்களே செய்துவிடுங்கள். பாரிஸில் ஜிம் ஹெய்ன்ஸ் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார். 1970-களின் கடைசியில் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல், ஞாயிறு இரவுகளில் முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டு விருந்து வைத்தவர். 2021-ல் காலமானார். வருகிறவர்களின் பெயர்களை மனதில் ஏற்றிக்கொண்டு ஒருவரை இன்னொருவருக்கு அவரே அறிமுகப்படுத்தி வைப்பது அவர் வழக்கம். நமக்கு ஆறே பேர்தான், கஷ்டமில்லை. "இவங்க எங்க மாடி வீட்டு அக்கா, பாங்க்ல இருக்காங்க, பழைய ரேடியோ எல்லாம் பிரிச்சு மாட்டுவாங்க" என்று ஆளுக்கொரு கொக்கியோடு சொல்லுங்கள்.

"சொந்த ஊர் எது?" என்று தொடங்காதீர்கள். கேட்பவர் மனதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊர், தெரு, குலதெய்வம் என்று அடுத்தடுத்து எங்கே போகும் அந்தக் கேள்வி என்று கேட்கப்படுபவருக்கு நன்றாகத் தெரியும். சம்பளம், பிள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா என்பதும் வேண்டாம்.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்பதும் பயனில்லாத கேள்வி. அவ்வளவு பெரிய கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது, "என்னத்த சொல்ல" என்றுதான் தொடங்குவார்கள். கையளவு கேள்வியாகக் கேளுங்கள். காலையில் வேலைக்குப் போனதும் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்? எந்தச் சத்தம் கேட்டால் ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரியும்? புதிதாகச் சேர்கிற பையன்கள் எதைத் திரும்பத் திரும்பத் தப்பாகச் செய்வார்கள்? கடைசிக் கேள்வி எந்தத் தொழிலுக்கும் பொருந்தும், கேட்டதும் ஆள் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம், பேச்சு நின்றால் பதறாதீர்கள். வாயில் சோறு இருக்கும்போது யாரும் பேசாமல் இருப்பது இயல்பு. சாப்பாட்டோடு பேசுவதில் உள்ள வசதியே அதுதான். மௌனம் வந்தால் குழம்பு ஊற்றிக்கொள்ளலாம்.

படி 7: கை காயட்டும்

சாப்பிட்டு முடித்தவுடன் "கை கழுவுங்க" என்று எழுப்பிவிடாதீர்கள். ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள், திரும்பி வரும்போது பேச்சு ஆறிப்போயிருக்கும். மூன்று மணிக்கு நீங்களே வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தால், நேரமாகிவிட்டது என்று சொல்லாமலே புரிந்துவிடும்.

பூரி நாளுக்கு நான்கு மாதம் கழித்து பொன்மலை சாரை மறுபடி கூப்பிட்டோம். இந்தத் தடவை ஆறு பேர், வத்தக்குழம்பு. சாப்பிடும்போது பேசக் கூடாது என்று என்னைக் குட்டியே வளர்த்த அம்மா, அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் தயாராக வைத்திருந்த கேள்விகளை எடுப்பதற்குள் அம்மா கேட்டார்: "ஏன் சார், அவ்வளவு செங்குத்தா ஏறுற ரயிலு பின்னால சறுக்காதா?"

சார் ரசம் சோற்றை அப்படியே விட்டுவிட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பாதையில் ரொம்பச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி ஏற்றம் இருக்கும், சாதா சக்கரம் அதில் வழுக்கும் என்றார். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளும். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த பட்டை இரண்டு ஓடும், எஞ்சினின் பற்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறும்.

"ஒரு பட்டை போதாதா?" என்றார் மாடி வீட்டு அக்கா.

சார் இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக மேசைமேல் விரித்து வைத்தார். வலது கையில் சோற்றுப் பருக்கை ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்தக் கையை அரை விரல் அளவு முன்னால் நகர்த்தினார். "இதுல பல்லு இருக்குற எடத்துல அதுல பள்ளம். அதுல பல்லுன்னா இதுல பள்ளம். எந்த நேரமும் ஏதாவது ஒண்ணு புடிச்சிக்கிட்டே இருக்கும்மா, விடவே விடாது."

அம்மா தன் இரண்டு கைகளையும் அதேபோல மேசைமேல் வைத்து, ஒன்றை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கையும் காய்ந்துபோயிருந்தது. மணி மூன்றே கால். வெற்றிலைத் தட்டை எடுக்க எழப்போன என்னை, "உக்காருடா, சார் பேசிட்டிருக்காருல்ல" என்று அதட்டினார்.