அபாச்சி வெள்ளி நகை: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் சுற்றுலா போகிறவர்கள் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த வெள்ளி மோதிரம் எதைப் பார்த்தாலும் ‘அபாச்சி நகை’, அதாவது அபாச்சிப் பழங்குடியினர் செய்தது என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே வெள்ளி வேலைக்குப் பேர்போனவர்கள் நவஹோ, சூனி, ஹோப்பி என்ற வேறு பழங்குடி மக்கள். அபாச்சிகளின் பெயர் சொல்பவை கூடைகளும் பாசிமணி வேலையும்தான். வெள்ளியில் வேலை செய்யும் அபாச்சிக் கலைஞர்களும் உண்டு. அதனால் செய்தவர் யார், எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘அபாச்சி பாணி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் யோசியுங்கள்.

அடுத்த தவறு, கடையில் தரும் சின்ன அட்டையை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. அம்பு என்றால் பாதுகாப்பு, இடிப்பறவை என்ற புராணப் பறவை என்றால் அளவில்லா மகிழ்ச்சி என்று பட்டியல் போட்டிருக்கும். ரயிலில் வந்த சுற்றுலாப் பயணிகளுக்காக வியாபாரிகள் பரப்பிய ராசிபலன் அது. அபாச்சிகளிடம் பொருள் சடங்கோடு சேர்ந்தே வரும். பெண் பருவமடைந்ததும் நான்கு நாள் நடக்கும் சூரியோதயச் சடங்கில், அவள் நெற்றியில் பளபளக்கும் அபலோன் சிப்பித் துண்டைக் கட்டுவார்கள். அந்த நாட்களில் அவளே ஆதித்தாயின் வடிவம். முகமூடியும் உயர்ந்த கிரீடமும் அணிந்து ஆடுபவர்கள் மலைத்தெய்வங்களான ‘கான்’கள். அந்த உருவம் பொறித்த பதக்கத்தைச் சும்மா ஒரு டிசைன் என்று நினைத்து மாட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய நகைகளில் சுவஸ்திகா இருந்தால் பதற வேண்டாம். நாஜிகள் அதைக் கெடுத்துவிட்டதால், 1940இல் அபாச்சி உட்பட நான்கு குடிகள் இனி அதைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தன. நாஜிகளுக்கு முன்பே அது அந்தக் குடிகளின் கைவினையில் இருந்தது.

‘ஜெர்மன் சில்வர்’ என்றால் அதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. 925 முத்திரை வெள்ளியின் தரத்தைத்தான் சொல்லும், செய்த கையை அல்ல. மலிவான ‘டர்க்காய்ஸ்’ பலவும் சாயமேற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல். பச்சையாக மின்னும் பெரிடாட் கல்லோ அரிசோனாவின் சான் கார்லோஸ் அபாச்சி நிலத்திலேயே வெட்டியெடுக்கப்படுவது.

வீட்டுக்கு வந்ததும் கொலுசைத் தேய்ப்பதுபோல விபூதி, பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். பள்ளங்களில் இருக்கும் கறுப்பு அழுக்கல்ல. கோடுகள் எடுப்பாகத் தெரியவென்றே ஏற்றியது. டர்க்காய்ஸ் எண்ணெயையும் வாசனைத் திரவியத்தையும் உறிஞ்சி நிறம் மாறும். மெல்லிய பருத்தித் துணியால் மேடான பகுதியை மட்டும் துடையுங்கள்.