வீடு அவர் பேரில் இருக்கிறதா? வன்முறையிலிருந்து பாதுகாப்பு கேட்பது எப்படி

"வீடு அவர் பேர்ல இருக்கு. நான் எங்க போவேன்?" அடி வாங்கியும் வாய் திறக்காத பல பெண்கள் சொல்லும் காரணம் இது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சேர்ந்து வாழ்ந்த வீடு வாடகையோ சொந்தமோ, பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் அங்கே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம்.

படி 1: எது வன்முறை?

அடி மட்டுமல்ல. வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் நிறுத்துவது, கேட்காமல் உங்கள் நகையை விற்பது, பிள்ளை இல்லையென்று குத்திக்காட்டுவது, படுக்கையில் அவமானப்படுத்துவது எல்லாமே சேரும். தாலி கட்டாமல் கணவன் மனைவியாக வாழ்கிறவர்களும் கேட்கலாம்.

படி 2: சத்தமில்லாமல் தயாராகுங்கள்

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். காயம்பட்டால் டாக்டரிடம் 'மாடிப்படியில விழுந்துட்டேன்' என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொன்னால்தான் சீட்டில் ஏறும். அதுதான் பின்னால் சாட்சி. கணவர் உங்கள் போனைப் பார்ப்பவரானால், பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசுங்கள். 'பிரிஞ்சு போறேன்' என்று கோபத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். ஆபத்து கூடுகிற நேரம் அது.

படி 3: கூப்பிடுங்கள்

உயிருக்கு ஆபத்தென்றால் 112. மற்றபடி பெண்கள் உதவி எண் 181, இரவு பகல் எந்நேரமும். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கவும் இடம் கிடைக்கும்.

மகளிர் காவல் நிலையத்தில் 'சமாதானமா போங்கம்மா' என்று அனுப்பப் பார்த்தால், புகாரைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் நகராதீர்கள்.

படி 4: நீதிமன்ற உத்தரவு

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் இலவசம், 15100-க்கு அழையுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் போடும் மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள். கணவரையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஒன்று போகும். உங்களுடையதை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே யாரிடமாவது கொடுத்து வையுங்கள். கணவர் உள்ளே பூட்டிக்கொண்டால் போலீசிடம் காட்ட அது கையில் வேண்டும்.