கிழமைக்கு ஒரு தரம் ஐஸில்: ரொறன்ரோவில் ஹொக்கிக்கு நேரமும் காசும் ஒதுக்குவது எப்படி

பெரியவர்கள் பொழுதுபோக்காக விளையாடும் ஹொக்கியில் காசைத் தின்பது ஐஸ்தான். ஸ்கேற், ஸ்ரிக், ஹெல்மெற் எல்லாம் ஒருமுறை வாங்கினால் சில வருடங்களுக்குப் போதும். ஐஸுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் கட்ட வேண்டும். எந்த நேரத்து ஐஸை எடுக்கிறீர்கள், அதை எத்தனை பேர் பங்கிடுகிறீர்கள் என்ற இரண்டையும் சரியாக அமைத்துக்கொண்டால், ஸ்காபுறோவிலோ மார்க்கம் நகரிலோ இருந்துகொண்டு கிழமை தவறாமல் விளையாடலாம்.

இன்னும் ஸ்கேற் பண்ணத் தெரியாதவர் முதல் குளிர்காலத்தில் ஐஸுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ரொறன்ரோ நகரசபையின் திறந்தவெளி ஐஸ் தளங்கள் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை இலவசம். கிழமைக்கு இரண்டு தரம் போய், இரண்டு பக்கமும் திரும்பி நிற்கவும் பின்னோக்கிப் போகவும் பழகுங்கள். நிற்கத் தெரியாமல் ஷின்னிக்குள் (லீக் இல்லாமல், வந்தவர்கள் சேர்ந்து விளையாடும் ஹொக்கி) இறங்கினால் மற்றவர் மேல் போய் மோதுவீர்கள். நிற்கப் பழகிய பிறகு அதே தளங்களில் வயதுவாரியாக ஒதுக்கியிருக்கும் ஷின்னி நேரங்களுக்குப் போகலாம். அதுவும் இலவசம்தான். சி.எஸ்.ஏ (கனடாத் தரநிர்ணயச் சங்கம்) முத்திரை ஒட்டிய ஹொக்கி ஹெல்மெற்றோடு போங்கள். சைக்கிள் ஹெல்மெற் இதற்கு உதவாது.

அடுத்தது சாமான்கள். காற்சட்டை, முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, தோள் காப்பு நான்கையும் தயங்காமல் பாவித்ததாக வாங்கலாம். ப்ளே இற் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் போன்ற கடைகளில் இவை புதியதன் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஹெல்மெற், கழுத்துக் காப்பு, இடுப்புக் காப்பு, பல் காப்பு ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய ஹெல்மெற் எத்தனை அடி வாங்கியது என்று வெளியே தெரியாது. பெரியவர்கள் பலர் கழுத்துக் காப்புப் போடுவதில்லை. 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் அடம் ஜோன்சன் என்ற வீரர் கழுத்தில் ஸ்கேற் வெட்டி இறந்தார். இருப்பதிலேயே மலிவான காப்புகளில் கழுத்துக் காப்பும் ஒன்று. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கூடக் காசு போடவேண்டியது ஸ்கேற்றில். புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை, சப்பாத்து அளவிலேயே ஸ்கேற் வாங்கி, தடித்த குளிர்கால மேஸும் போடுவது. கால் உள்ளே அசையும், கணுக்கால் உள்நோக்கிச் சாயும். பிறகு “எனக்குக் கணுக்காலில் பலமில்லை” என்று ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் சப்பாத்து அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை குறைவாகத்தான் வரும். மெல்லிய மேஸோடு போட்டு நிமிர்ந்து நின்றால் பெருவிரல் நுனி இலேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். புதிய ஸ்கேற் கூர் வைக்காமல்தான் வரும், ஆகவே கடையிலேயே தீட்டச் சொல்லுங்கள். தீட்டும்போது அலகின் அடியில் விழும் பள்ளத்தின் ஆரத்தைக் குழிவு என்பார்கள்; அரை அங்குலக் குழிவு தொடக்கத்துக்குச் சரி. உடல் பாரமானவர் 5/8 அங்குலம் கேட்கலாம். ஐஸைக் குறைவாகக் கடிக்கும், வழுக்கிப் போவது இலகு. திறந்தவெளித் தளத்தின் மணலும் தூசும் அலகின் கூர்மையைச் சீக்கிரம் கெடுக்கும். உறையில்லாமல் சீமெந்துத் தரையில் நாலு அடி வைத்தாலே கூர் போய்விடும்.

ஸ்ரிக்குக்கு 300 டொலர் கொடுக்கத் தேவையில்லை. தண்டு எவ்வளவு வளையும் என்று காட்டும் எண் (flex) உங்கள் எடையின் (பவுண்டில்) பாதியளவு இருந்தால் போதும். ஸ்கேற்றோடு நிற்கும்போது நாடியைத் தொடும் உயரத்துக்கு வெட்டுங்கள். புதிய மொடல் வந்ததும் கடைகள் பழையதைக் கழிக்கும். அதுதான் வாங்கும் நேரம்.

இனி ஐஸ் கணக்கு. விலை அரீனாவுக்கு அரீனா மாறும், கணக்குக்காக ஒரு மணித்தியாலம் 300 டொலர் என்று வைப்போம். வாடகைக்கு வரும் இரண்டு கோலிகளுக்கு (கோல் காப்பவர்களுக்கு) ஆளுக்கு 50. மொத்தம் 400. பக்கத்துக்குப் பத்துப் பேர் என்று 20 பேர் வந்தால் ஆளுக்கு 20 டொலர். பனி கொட்டும் இரவில் 11 பேர் மட்டும் வந்தால் ஆளுக்கு 36க்கு மேல். வாசலில் வைத்துக் காசு சேர்க்கும் குழுக்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன. ஒழுங்குபடுத்துபவர் குறையைத் தன் கையிலிருந்து போடுவார், தைமாதத்தோடு களைத்துப்போவார்.

இதற்கு ஒரு வழி உண்டு. 16 பேரை நிரந்தர ஆட்களாகச் சேர்த்து, பருவக் காசு முழுவதையும் செப்டெம்பரிலேயே வாங்கிவிடுங்கள். 400ஐ 16ஆல் பிரித்தால் கிழமைக்கு 25. 28 கிழமைக்கு 700 டொலர். இரண்டு தவணையாகவும் வாங்கலாம். வர முடியாதவர் 24 மணித்தியாலத்துக்கு முன் சொல்ல வேண்டும், பதிலாள் வந்தால் அந்த 25 அவருக்குத் திரும்பும். பதிலாள் கிடைக்காவிட்டால் நட்டம் அவருடையது. கேட்கக் கடுமையாக இருந்தாலும், எல்லோரையும் கிழமை தவறாமல் வரவைப்பது இந்த விதிதான். பதிலாள் பட்டியலில் குறைந்தது பத்துப் பெயராவது இருக்கட்டும். உங்களுக்குள் கோலி நிற்க விரும்புபவர் இருந்தால் அவரிடம் ஒரு சதமும் வாங்காதீர்கள். வாடகைக் கோலியின் 50 டொலர் மிஞ்சும், கோலி இல்லாமல் ஆட்டம் கெடுகிற இரவும் இருக்காது.

லீக் வேறு மாதிரி. நடுவரும் நேரக்காப்பாளரும் அதில் இருப்பதால் செலவு கூடும், ஆனால் ஒழுங்குபடுத்தும் தலையிடி இல்லை. குழு இல்லாதவர் தனியாகவும் பெயர் கொடுக்கலாம். கன்லன் நிறுவனத்தின் அரீனாக்களில் நடக்கும் ஏ.எஸ்.எச்.எல் (Adult Safe Hockey League) என்ற பெரியவர் லீக்கில் உடலால் இடித்து விழுத்துவதற்குத் தடை உண்டு. ஸ்காபுறோவிலும் அவர்களுக்கு அரீனா இருக்கிறது. எந்த லீக் என்றாலும் ஆகக் கீழ்ப் பிரிவிலேயே தொடங்குங்கள். ஆட்ட நேரம் ஒரு கிழமை ஏழரை, மறு கிழமை பதினொன்று என்று மாறும். ஷிப்ற் வேலை செய்பவருக்கு இது பொருந்தாது. ஒரே நாள், ஒரே நேரம் என்றிருக்கும் நண்பர் குழுதான் அவருக்கு நல்லது.

நேரத்தைக் கணக்கிடும்போது ஆட்டத்தை மட்டும் எண்ணாதீர்கள். 20 நிமிடப் பயணம், உடுத்த 20, ஐஸில் 50, குளித்து மாற்ற 20, திரும்ப 20 என்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும். மணித்தியாலம் என்று விற்கும் ஐஸில் பத்து நிமிடம் ஐஸைச் சீராக்கும் வண்டிக்கே போவது வழக்கம். 30 டொலர் மலிவான தூரத்து அரீனாவைவிடப் பக்கத்து அரீனா மேல். 20 பேருக்குப் பிரித்தால் அந்த 30 ஆளுக்கு ஒன்றரை டொலர்தான்.

வேலைநாள் மாலைகளும் சனி ஞாயிறும் சிறுவர் ஹொக்கிக்குப் போய்விடும். பெரியவர்களுக்கு மிஞ்சுவது இரவு பத்துக்குப் பிறகும் விடியற்காலையும். இரவு ஆட்டம் முடிந்து உடனே நித்திரை வராது. காலை ஆறு மணி ஷிப்ற் உள்ளவர் வெள்ளி அல்லது சனி இரவைப் பிடிக்க வேண்டும். சனி காலை ஆறரை ஐஸ் குடும்பக்காரருக்கு மிக நல்லது. விலை குறைவு, பிள்ளைகள் எழும்பிச் சாப்பிட உட்காரும்போது வீட்டில் நிற்கலாம். பின்னேர ஷிப்ற்காரருக்கு வேலைநாள் மதிய ஷின்னி இருக்கிறது: தனியாளாகப் போய்த் தலைக்குக் கட்டி விளையாடலாம். எந்த நேரமானாலும், பருவம் தொடங்குமுன் வீட்டில் பேசி, அந்த நாளை நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். அதற்கு ஈடாகத் துணைக்கும் கிழமையில் ஒரு மாலை சொந்தமாக வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் பையைக் காரில் விடாதீர்கள். ஈரம் உறையும், அலகில் துரு பிடிக்கும், மணம் பிறகு எளிதில் போகாது. அன்றிரவே கராஜிலோ நிலவறையிலோ விரித்துக் காயவிட்டு, மறுநாளே திரும்ப அடுக்குங்கள். அடுத்த கிழமை ஐந்து நிமிடத்தில் புறப்படலாம்.

இலையுதிர்கால ஐஸுக்கு ஏப்ரல், மே மாதத்திலேயே அரீனாவைக் கேளுங்கள். கையெழுத்து வைக்குமுன் நாலு கேள்வி: மணித்தியாலம் என்றால் ஐம்பது நிமிடமா அறுபதா, நத்தார்க் கிழமைக்கும் கட்ட வேண்டுமா, ஐஸ் பழுதானால் காசு திரும்புமா, பொறுப்புக் காப்புறுதி யாருடையது? நகரசபை அரீனாவில் காப்புறுதி எடுக்கவேண்டியது நீங்கள்தான். அந்தத் தொகையையும் 16ஆல் பிரித்துச் செப்டெம்பர் காசோடு சேர்த்து வாங்குங்கள்.