ஊட்டச்சத்தியலும் உணவு மேலாண்மையும்: பட்டப்படிப்பை எப்படிப் படிப்பது

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் ஊட்டச்சத்தியல், உணவுச்சேவை மேலாண்மை, உணவுமுறையியல் ஆகிய மூன்றையும் ஒரே பெயரில் இணைத்த இளநிலை அறிவியல் பட்டம் ஒன்று உண்டு. இதில் சேரும் மாணவர்களில் பலர் மூன்றாவதை மனத்தில் வைத்தே வருகிறார்கள். மருத்துவமனையில் டயட்டீஷியனாக அமர்ந்து நோயாளிக்கு உணவுத்திட்டம் எழுதித் தரும் வேலைதான் அவர்கள் காணும் எதிர்காலம். நடுவில் இருக்கும் உணவு மேலாண்மையைத் தேர்வுக்காக மட்டும் புரட்டும் தாளாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று கணக்கிடுவது பாதி வேலைதான். அந்தப் புரதத்தை இருநூறு தட்டுகளில், சூடு ஆறாமல், சாப்பிடத் தக்க சுவையில், கட்டுப்படியாகும் செலவில் வைப்பது மீதிப் பாதி என்பதை முதல் ஆண்டிலேயே புரிந்துகொண்டவர்களுக்கு இந்தப் படிப்பு வேறு விதமாகப் பயன்படுகிறது.

சேருவதற்கு முன் பட்டத்தின் பெயரை விடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். மனையியல், உணவு அறிவியலும் ஊட்டச்சத்தும், மருத்துவ ஊட்டச்சத்தியல் என்று பெயர்கள் பல. உணவுத் தொழில்நுட்பம் என்பது பதப்படுத்துதல், பொதியிடுதல், தொழிற்சாலை உற்பத்தி ஆகியவற்றை நோக்கிச் செல்லும் தனித் துறை என்பதால் அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோயம்புத்தூரில் 1957-இல் தொடங்கிய அவினாசிலிங்கம் நிறுவனம் உட்பட இத்துறையில் பெயர்பெற்ற பல இடங்கள் பெண்களுக்கானவை. ஆண் மாணவர்கள் மதுரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள சமுதாய அறிவியல் கல்லூரி போன்ற இருபாலர் நிறுவனங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பிளஸ் டூவில் வேதியியலும் உயிரியலும் படித்திருந்தால் முதல் ஆண்டின் உயிர்வேதியியலும் உடலியங்கியலும் சுமையாகத் தோன்றா. சேர்க்கைத் தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடுவதால், ஆய்வகத்தோடு மொத்தச் சமையலுக்கான (நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் சமைப்பதற்கான) பயிற்சிக் கூடமும் இருக்கிறதா என்பதையும் சேர்த்து நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படிக்கத் தொடங்கியதும் இரண்டு நூல்கள் எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஒன்று, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துச்சேர்க்கை அட்டவணை. அதில் 528 உணவுப்பொருள்களின் அளவீடுகள் உள்ளன. (அந்த நிறுவனத்தின் தொடக்கம் நம் குன்னூரில், 1918-இல், பெரிபெரி நோயை ஆராய அமைந்த சிறிய ஆய்வுக்கூடம் என்பதை இத்துறை மாணவர்கள் தெரிந்து பெருமைப்படலாம்.) மற்றொன்று, ஒவ்வொரு சத்தும் நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லும், அதே நிறுவனத்தின் துணையோடு 2020-இல் வெளிவந்த பரிந்துரை அளவுகள். இதில் சராசரித் தேவை, பரிந்துரைக்கப்படும் அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். வயதுவந்த பெண்ணுக்கு இரும்புச்சத்தின் சராசரித் தேவை 15 மில்லிகிராம், பரிந்துரை அளவு 29 மில்லிகிராம். பரிந்துரை அளவு ஏறக்குறைய எல்லோருடைய தேவையையும் நிறைவுசெய்யும்படி உயர்த்தி வைக்கப்பட்டது. ஆகவே தனி ஒருவருக்கு உணவு திட்டமிடும்போது அதைக் குறியாகக் கொள்ளலாம். ஆனால் விடுதி மாணவிகளிடம் கணக்கெடுப்பு நடத்திவிட்டு, 29-ஐ எட்டாத எல்லோருக்கும் குறைபாடு என்று எழுதினால் அந்த முடிவு தவறாகிவிடும். குழுவை மதிப்பிடச் சராசரித் தேவையையே பயன்படுத்த வேண்டும். கலோரிக்கு மட்டும் உயர்த்திய பரிந்துரை அளவே கிடையாது. தேவைக்கு மேல் உண்ட ஆற்றல் கொழுப்பாகச் சேரும் என்பதே காரணம்.

அட்டவணையிலுள்ள எண்கள் நூறு கிராம் அளவுக்கு உரியவை. மக்களோ கரண்டியிலும் கிண்ணத்திலும் டம்ளரிலும் சாப்பிடுகிறார்கள். ஆகவே முதல் பருவத்திலேயே ஒரு சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சோற்றுக்கரண்டி எத்தனை கிராம் சோறு அள்ளுகிறது, ஒரு இட்லிக்கு எவ்வளவு மாவு போகிறது, ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பு எவ்வளவு தேறுகிறது என்று எடைபோட்டு ரெகார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வாருங்கள். முந்தைய நாள் சாப்பிட்டதைக் கேட்டுப் பதிவுசெய்யும் பயிற்சியில், எதிரில் இருப்பவர் "ரெண்டு கரண்டி" என்று சொன்னதும் அதை நம்பத்தகுந்த எண்ணாக மாற்ற உதவுவது இந்தக் குறிப்புதான்.

இனி மொத்தச் சமையல். இருநூறு மாணவிகளுக்கு மதிய உணவு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 90 கிராம் அரிசி என்றால் 18 கிலோ, 30 கிராம் துவரம்பருப்பு என்றால் 6 கிலோ. இதுவரை வெறும் பெருக்கல். ஆளுக்கு 75 கிராம் கீரை என்றால் சமைக்க 15 கிலோ வேண்டும். ஆனால் வேரும் முற்றிய தண்டும் பழுத்த இலையும் போக நூற்றுக்கு எழுபது பங்குதான் தேறுகிறது என்று உங்கள் சமையலறையில் எடைபோட்டுக் கண்டிருந்தால், வாங்க வேண்டியது ஏறத்தாழ 21 1/2 கிலோ. இந்தக் கழிவைக் கணக்கில் சேர்க்காமல் சந்தைக்கு ஆளனுப்பினால் கடைசிப் பந்திக்குக் கீரை இருக்காது. தண்ணீர், உப்பு, புளி, மிளகாய் ஆகியவற்றையோ அப்படியே பெருக்கவும் கூடாது. பெரிய அண்டாவில் ஆவியாகும் நீரின் விகிதம் சிறிய பாத்திரத்தில் உள்ளதை விடக் குறைவு என்பதால் பெருக்கிய சாம்பார் நீர்த்துப்போகும். பத்துப் பேர், இருபத்தைந்து பேர், ஐம்பது பேர், நூறு பேர் என்று படிப்படியாகச் செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் சமைத்து முடித்ததும் தேறும் மொத்த அளவையும் ஒரு பரிமாறலின் எடையையும் குறித்து நிலைப்படுத்திய செய்முறையே நம்பகமானது. பந்தி முடிந்ததும் தட்டுகளில் மிஞ்சியதை எடைபோடுங்கள். காகிதத்தில் வழங்கிய சத்து வயிற்றுக்குள் போனதா என்பதை அந்த எடைதான் சொல்லும். வேண்டாமென்று ஒதுக்கப்படும் கீரையால் யாருக்கும் இரும்புச்சத்து கிடைக்காது!

செலவுக் கணக்கும் பண்டக அறைப் பதிவேடும் பழகப் பழக வந்துவிடும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். உணவுப் பாதுகாப்பில் கூடுதல் கவனம் தேவை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் பெருகும் என்று வகுப்பில் எழுதிக்கொள்வோம். அதன் பொருள் என்னவென்றால், காலையில் வடித்து மூடிவைத்த ஓர் அண்டாச் சோற்றின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்த வெப்பநிலையிலேயே கிடக்கும், சமையலில் சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அங்கே முளைக்கும், அவை உண்டாக்கும் வாந்தி நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆழமில்லாத அகலத் தட்டங்களில் பரப்பி விரைவாக ஆறவைப்பது, அல்லது சிறு சிறு தவணைகளாக வடிப்பது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகு டயட்டீஷியனாக விரும்புவோர், இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வை எழுதலாம். முதுநிலைப் படிப்பும் ஆறு மாத மருத்துவமனை இன்டர்ன்ஷிப்பும் முடித்துவிட்டு அதற்குச் செல்வதே வழக்கமான வழி. 2021-ஆம் ஆண்டின் துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டமும் ஊட்டச்சத்துத் தொழிலை அங்கீகரித்துப் பட்டியலிட்டிருப்பதால், நீங்கள் சேரும் படிப்பு அதன் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று கவனியுங்கள். இன்டர்ன்ஷிப் கிடைத்ததும் வார்டில் மட்டும் நின்றுவிடாமல், வாரத்தில் சில காலைப்பொழுதுகளை மருத்துவமனைச் சமையலறையில் செலவிட அனுமதி கேளுங்கள். சிறுநீரக நோயாளிக்கு நீங்கள் எழுதிய உப்புக் குறைந்த உணவு எந்த அடுப்பில், எந்தக் கரண்டியால், யார் கையால் தயாராகிறது என்பதைப் பார்த்து, சமைப்பவரோடு உட்கார்ந்து அந்தச் சீட்டைத் திருத்தி எழுதுங்கள்.