அம்பயர் இல்லாத காலேஜ் லீக்ல சண்டை வராம பிக்கிள்பால் ஆடுறது எப்படி

ராமநாதபுரம் கடக்கரைப் பக்கம் படிக்கிற பசங்களும் பொண்ணுங்களும் பிக்கிள்பால் லீக் ஆரம்பிக்கலாமான்னு கேட்டா நான் மொதல்ல சொல்றது, பீச்சுல ஆடலாம்ங்கிற ஆசைய விட்ருங்க. பிக்கிள்பால்ங்கிறது பேடில்ங்கிற தட்டையான மட்டையால ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேல அடிச்சு ஆடுறது. மணல்ல பந்து எழும்பாது, இந்த ஆட்டமே பந்து எழும்பி வர்றதுலதான் இருக்கு. சிமெண்ட் தளம் வேணும். கருவாடு காயப்போடுற தளமும் சிமெண்ட்டுதான், ஆனா அங்க பேடிலோட போய் நின்னா அக்காமாருகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்குவீங்க.

காலேஜ்ல பேட்மிண்டன் கோர்ட் இருந்தா வேலை பாதி முடிஞ்சது. 1965-ல அமெரிக்காவுல பெயின்பிரிட்ஜ் தீவுல இதை ஆரம்பிச்சவங்களே வீட்டுல இருந்த பேட்மிண்டன் கோர்ட்லதான் ஆடினாங்க, அதனால அளவு ஒண்ணுதான், நீளம் 44 அடி, அகலம் 20 அடி, வெளிக்கோடு எல்லாம் அப்படியே எடுத்துக்கலாம். மாறுறது ரெண்டு விஷயம். நெட்டை இறக்கணும், ஓரத்துல 36 அங்குலம் நடுவுல 34 அங்குலம், டேப் வச்சு அளந்து பாருங்க, கண்ணளவு வேணாம். நெட் இல்லைன்னா பழைய மீன்வலைய மடிச்சு நைலான் கயித்துல இழுத்துக் கட்டினாலும் பழக்கத்துக்கு ஓடும், வலைக்கண்ணு மட்டும் பந்தை விட சின்னதா இருக்கணும், மேல் விளிம்புல ஒரு வெள்ளைத்துணி சுத்திட்டா கண்ணுக்குத் தெரியும். ரெண்டாவது கிச்சன் கோடு, நெட்டுல இருந்து ரெண்டு பக்கமும் 7 அடி, நெட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல இருக்குற இடத்துக்குத்தான் கிச்சன்னு பேரு. பேட்மிண்டன்ல இருக்குற முன்கோடு ஆறரை அடியிலயே இருக்கும், அதையே வச்சுக்கலாம்டான்னு எவனாவது சொல்வான், கேக்காதீங்க, அந்த அரை அடியிலதான் பாதி பஞ்சாயத்து வரும். மாஸ்கிங் டேப் ஒட்டிருங்க.

ஆட்டத்துக்கு முன்னாடி தளத்தை விளக்குமாறு போட்டு நல்லா கூட்டணும். நம்ம ஊர் சிமெண்ட் மேல எப்பவும் மெல்லிசா மணல் படிஞ்சிருக்கும், பாத்தா தெரியாது, காலை ஊனி நிக்கும்போது சர்ருன்னு வழுக்கும். செருப்போட ஆடுறதுக்கு யாரையும் விடாதீங்க.

டாஸ் காசு சுண்டினாலும் சரி, சாட் பூட் த்ரீ போட்டாலும் சரி, ஜெயிச்சவங்க சர்வ் கேக்கலாம், இல்ல பக்கம் கேக்கலாம். மண்டபம், பாம்பன் மாதிரி எடத்துல திறந்த வெளியில ஆடுறவங்க யோசிக்காம பக்கத்தைக் கேளுங்க. பந்து பிளாஸ்டிக், உள்ள காலி, சுத்தி ஓட்டை, எடை 25 கிராம் சுத்துவட்டத்துலதான் இருக்கும், ஆடிக்காத்துல அது எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. காத்துக்கு எதிர அடிக்கிற பக்கம் நின்னா நீங்க ஓங்கி அடிச்சது கோட்டுக்குள்ள விழும், காத்தோட அடிக்கிற பக்கம் அதே அடி வெளிய போயிரும். மூணு கேம்ல ரெண்டு ஜெயிக்கணும்னு ஆடும்போது மூணாவது கேம்ல ஒரு டீம் 6 பாயிண்ட் எடுத்ததும் பக்கம் மாறணும்ங்கிறது ரூல். நம்ம ஊருக்கு எல்லா கேம்லயும் 6-ல மாறிக்கிறதுதான் நியாயம்னு நான் சொல்வேன், ஆனா அதை லீக் தொடங்குறதுக்கு முன்னாடியே எல்லா கேப்டனும் ஒத்துக்கணும், நடுவுல தோத்துக்கிட்டு இருக்கும்போது கேக்கக் கூடாது. பந்து வாங்கும்போது வெளிய ஆடுறதுக்குன்னு சின்னச் சின்னதா 40 ஓட்டை போட்டது வரும், அதை வாங்குங்க, 26 ஓட்டை உள்ளது இண்டோருக்கு.

சர்வ் கீழ இருந்து மேல போற அடிதான். பேடில் பந்தைத் தொடுற இடம் இடுப்புக்குக் கீழ இருக்கணும், பேடிலோட தலை மணிக்கட்டுக்கு மேல ஏறக் கூடாது. இந்தக் கணக்கெல்லாம் அம்பயர் இல்லாம பாத்துச் சொல்ல முடியாதுங்கிறதால புதுசா ஆடுறவங்க டிராப் சர்வ் போடுங்க, பந்தைக் கையில இருந்து சும்மா விட்டுட்டு கீழ பட்டு எழும்பினதும் அடிக்கிறது, தூக்கிப் போடவோ அழுத்திப் போடவோ கூடாது, அவ்வளவுதான், அதுக்கு இடுப்புக் கணக்கு மணிக்கட்டுக் கணக்கு எதுவும் கிடையாது. கால் பின்கோட்டுக்கு வெளிய, பந்து குறுக்கா எதிர்க் கட்டத்துக்கு, ஒரே ஒரு வாய்ப்பு. கிச்சன் கோட்டுல விழுந்தா சர்வ் ஃபால்ட், மத்த கோட்டுல விழுந்தா உள்ளதான். நெட்டைத் தொட்டுட்டு சரியான கட்டத்துல விழுந்துச்சுன்னா ஆட்டம் அப்படியே போகும், திரும்பப் போடுறது எல்லாம் 2021-லயே எடுத்துட்டாங்க. இதைச் சொன்னா டென்னிஸ் பாக்குறவங்க நம்ப மாட்டாங்க.

சர்வ் வந்ததும் எதிர் டீம் ஒரு பிச் ஆக விட்டுத்தான் அடிக்கணும், அது திரும்பி வரும்போது சர்வ் போட்ட டீமும் ஒரு பிச் விட்டுத்தான் அடிக்கணும், அதுக்கப்புறம் எப்படி வேணா அடிக்கலாம். அதனால சர்வ் போட்ட உடனே முன்னாடி ஓடாதீங்க, பின்னாடியே நில்லுங்க.

இப்ப கிச்சன். பந்து கீழ படாம அப்படியே அடிக்கிறதை கிச்சனுக்குள்ள நின்னோ கோட்டை மிதிச்சோ அடிக்கக் கூடாது. உள்ள போகவே கூடாதுன்னு பாதிப் பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது தப்பு, எப்ப வேணா போகலாம், எவ்வளவு நேரம் வேணா நிக்கலாம், பந்து பிச் ஆகி வந்தா உள்ள நின்னே அடிக்கலாம். பிரச்சனை எங்க வருதுன்னா, ஒருத்தன் கோட்டுக்கு வெளிய நின்னு பலமா ஒரு அடி அடிப்பான், எதிர்ல யாராலயும் எடுக்க முடியாது, பாயிண்ட்டுன்னு கத்துவான், அதுக்குள்ள அடிச்ச வேகத்துல அவன் கால் கோட்டைத் தாண்டி வச்சிருக்கும், அது ஃபால்ட். பந்து செத்து போயிருந்தாலும் ஃபால்ட்தான். அடிக்கும்போது தலையில இருந்த தொப்பி கிச்சனுக்குள்ள விழுந்தாலும் ஃபால்ட். ஆனா கோட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு பேடில் மட்டும் கிச்சன் மேல நீண்டு போனா தப்பில்ல, தரையைத்தான் தொடக் கூடாது. விழப் போற ஆளை பார்ட்னர் கிச்சனுக்கு வெளிய நின்னுக்கிட்டு பனியனைப் பிடிச்சு இழுத்து நிறுத்தலாம், அதுவும் ரூல்படி சரிதான், பாக்க காமெடியா இருக்கும்.

ஸ்கோர் சொல்றதுதான் புதுசா வர்றவங்களுக்கு தலை சுத்தும். டபுள்ஸ்ல மூணு நம்பர்: நம்ம பாயிண்ட், அவங்க பாயிண்ட், சர்வ் போடுறவர் மொதல் ஆளா ரெண்டாவது ஆளா. சர்வ் போடுற டீமுக்கு மட்டும்தான் பாயிண்ட் ஏறும். "நாலு ரெண்டு ஒண்ணு"ன்னு சொல்லி நீங்க சர்வ் போடுறீங்கன்னு வைங்க. ஜெயிச்சா அஞ்சு, நீங்களும் பார்ட்னரும் இடம் மாறி நீங்களே மறுபடி போடுறீங்க. தோத்தா பாயிண்ட் யாருக்கும் இல்ல, சர்வ் பார்ட்னருக்கு, அவர் "நாலு ரெண்டு ரெண்டு"ன்னு சொல்லணும். அவரும் தோத்தா சர்வ் எதிர் டீமுக்குப் போகும், அவங்கள்ல வலது பக்கம் நிக்கிறவர் "ரெண்டு நாலு ஒண்ணு"ன்னு ஆரம்பிப்பார். கேம் தொடக்கத்துல மட்டும் மொதல்ல போடுற டீமுக்கு ஒரு ஆள்தான் சர்வ், அதனால "சைபர் சைபர் ரெண்டு". யார் எங்க நிக்கணும்னு மறந்து போச்சுன்னா ஒரு வழி இருக்கு, கேமை ஆரம்பிக்கும்போது வலது பக்கம் நின்னவர் யாருன்னு நெனவு வச்சுக்கோங்க, உங்க பாயிண்ட் ரெட்டைப்படையா இருந்தா அவர் வலது, ஒத்தைப்படைன்னா இடது. 11 எடுத்தா கேம், ஆனா ரெண்டு வித்தியாசம் வேணும், 10-10 வந்துட்டா இழுத்துக்கிட்டே போகும். ஊருக்குப் போற பஸ்ஸை விட்ருவோம்னு பயம் இருக்குற லீக்ல சர்வ் யாரு போட்டாலும் ஜெயிச்சவங்களுக்கு பாயிண்ட்னு வச்சுக்கலாம், சீக்கிரம் முடியும், மொதல்லயே முடிவு பண்ணிக்கிட்டா போதும்.

கோடு விஷயத்துல உங்க பக்கம் விழுந்த பந்துக்கு நீங்கதான் சொல்லணும், எதிர்ல நிக்கிறவன் இல்ல. சரியா பாக்கலைன்னா அது உள்ள. நீங்க அவுட்டுன்னு சொல்லி பார்ட்னர் உள்ளன்னு சொன்னா அதுவும் உள்ள. இதுல போங்காட்டம் ஆடுறவனைப் பத்தி அடுத்த மேட்ச்க்குள்ள எல்லா காலேஜுக்கும் தெரிஞ்சு போயிரும். சுத்தி நிக்கிற கூட்டம் அவுட்டுன்னு கத்தினாலும் அவங்களைக் கேட்டு முடிவு எடுக்கக் கூடாது, இது நான் சொல்றதில்ல, ரூலே அப்படித்தான். பந்து கீழ விழறதுக்கு முன்னாடி "விடு மாப்ள, அவுட்டு"ன்னு பார்ட்னர்கிட்ட சொன்னா அது பேச்சுதான், தீர்ப்பு ஆகாது, விழுந்தப்புறம் உள்ள இருந்தா உள்ளதான்.

வெளிய போற பந்துன்னு நல்லாத் தெரியும்போது கையால பிடிச்சிராதீங்க. கீழ படறதுக்கு முன்னாடி உடம்புல பட்டா பட்டவருக்குத்தான் ஃபால்ட், கோர்ட்டுக்கு வெளிய நின்னிருந்தாலும் சரி. பேடில் பிடிச்ச கையில மணிக்கட்டுக்குக் கீழ பட்டா மட்டும் அது அடியாவே கணக்கு.

டைம் அவுட் ஒரு கேமுக்கு ஒரு டீமுக்கு ரெண்டு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், தண்ணி குடிக்க அது போதும். மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர் நோட்டுல ரெண்டு கேப்டனும் கையெழுத்து போட்டுருங்க, பந்துல விரிசல் இருக்கான்னு ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க, நெட் கம்பத்தைக் கழட்டி பிடி சார் ரூம்ல வச்சுருங்க, உப்புக்காத்துல வெளிய கிடந்தா அடுத்த சீசனுக்கு துரு பிடிச்சு கழட்டவும் முடியாது மாட்டவும் முடியாது.