முதலில் அடிப்பகுதி, பிறகு உண்டியல்: பழங்கப்பலுக்கு நிதி திரட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கப்பல் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்கு பேர் சேர்ந்துவிட்டால், அடுத்த வாரமே வேண்டுகோள் வெளியாகிவிடுகிறது. மாலை வெயிலில் எடுத்த படம், கப்பலின் வரலாறு பத்து வரியில், கீழே ஒரு தொகை. அந்தத் தொகையைக் கணக்கிட்டது யார் என்று கேட்டுப்பாருங்கள். வேறொரு கப்பலுக்கு ஆன செலவைப் பார்த்து உத்தேசமாகப் போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பிற்பாடு வரும் சங்கடங்களில் பலவும் இங்கிருந்தே முளைக்கின்றன. அடிப்பகுதி என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் கேட்ட பணம், கைக்கு வந்த பிறகும் கப்பலைக் காப்பாற்றுவதில்லை.

அளந்து பார்க்காமல் கேட்பது

இரும்புக் கப்பல் என்றால், கப்பலின் நிலையை ஆராயும் சர்வேயர் முதலில் பெயின்டைச் சுரண்டி, நாணயம் அகல இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும்படி செய்வார். அதன்மேல் சிறிது பசை தடவி, மீயொலிக் கருவியின் முனையை வைத்து அழுத்துவார். தகட்டின் கனம் மில்லிமீட்டரில் திரையில் வரும். அந்த எண்ணை அங்கேயே சாக்பீஸால் எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார். கட்டியபோது 12 மில்லிமீட்டர் இருந்த தகடு ஓரிடத்தில் 9 காட்டும். ஒரு முழம் தள்ளி, கப்பல் நீரில் அமிழும் மட்டமான நீர்க்கோட்டை ஒட்டி, 4 காட்டும். அங்கே சுத்தியலால் தட்டினால் கணீரென்ற ஒலி எழாது.

மரக்கப்பலுக்குக் கருவி இன்னும் எளியது: கூர்முனைக் கம்பி ஒன்று போதும். நல்ல மரத்தில் முனை ஏறாது. உளுத்த மரத்தில் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல இறங்கிவிடும். கடல்நீர்தான் மரத்தைக் கெடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உப்பு பூஞ்சையை ஓரளவு தடுத்து வைக்கிறது. மேல்தளத்தின் இடுக்குகள் வழியாகச் சொட்டிச் சொட்டி உள்ளே தேங்கும் மழைநீர்தான் கப்பலின் விலா எலும்புகளான வங்குகளை உளுக்க வைக்கிறது. நீருக்குள் இருக்கும் பகுதிக்கு எதிரி, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு. இந்த இரண்டுமே வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. புதுப் பெயின்ட் மினுங்கும் பலகைக்குப் பின்னால் வங்கு பொடியாகக் கிடக்கும்.

ஆகவே முதல் வேண்டுகோள் ஆய்வுக்கு மட்டும் இருக்கட்டும். சிறிய தொகை, நெருங்கிய வட்டத்திலேயே திரட்டிவிடலாம். கையில் சர்வே அறிக்கை இருந்தால் இரண்டாவது வேண்டுகோளின் குரலே வேறாக இருக்கும். “அடித்தட்டில் இத்தனை தகடுகளை மாற்ற வேண்டும், இத்தனையைச் சுத்தம் செய்து காத்தால் போதும்” என்று சொல்லிக் கேட்கிறவருக்கும், “நம் பெருமையைக் காப்போம்” என்று மட்டும் சொல்லிக் கேட்கிறவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கொடுக்கிறவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

ஒற்றைத் தொகையைச் சொல்லி மாட்டிக்கொள்வது

ஆய்வு செய்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. பலகையைக் கழற்றிய பிறகுதான் அடுத்த பலகையும் போயிருப்பது தெரியும். அதற்குள் கப்பல், நீரை வடித்துவிட்டுப் பழுது பார்க்கும் உலர்துறையில் ஏறியிருக்கும். துறைக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பணம் போதவில்லை என்றால் கப்பலை அரைகுறையாக மூடி மறுபடி நீரில் இறக்குவதைத் தவிர வழியில்லை. அப்படி வீணான பணம் கொஞ்சநஞ்சமல்ல.

மதிப்பீடு ஏறுவது பழங்கப்பல் வேலையில் இயல்பு. 1797இல் நீரில் இறங்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் யூஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷனுக்காக 1925இல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு காசாகத் திரட்டத் தொடங்கினார்கள். அதில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர் சேர்ந்தது. இதற்கிடையே மதிப்பீடு 7,45,000 டாலராக ஏறிவிட்டது. வேலை முடிந்தபோது ஆன செலவு 9,46,000 டாலர். படங்களும் நினைவுப் பொருட்களும் விற்று, பொதுமக்களிடமிருந்து வந்தது 6 லட்சத்துக்குச் சற்று மேல். எஞ்சியதற்கு அமெரிக்க நாடாளுமன்றம் 3 லட்சம் டாலர் வரை ஒதுக்க வேண்டியிருந்தது. கடற்படையே பின்னால் நின்ற கப்பலின் கதை இது. அரசின் துணை இல்லாத ஒரு சிறு குழுவுக்கு யார் அந்த இடைவெளியை நிரப்புவார்கள்?

தொகையை இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்: இன்று தெரிந்த வேலைக்கு இவ்வளவு, திறந்து பார்த்தபின் தெரியவரக்கூடியதற்கு இவ்வளவு. இரண்டாவதற்கு முதலாவதில் கால்பங்காவது வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மரக்கப்பலுக்கு இன்னும் கூடுதலாக. பெரிய தொகையைச் சொன்னால் கொடுப்பவர்கள் பயந்துவிடுவார்கள் என்ற அச்சம் வீண். கொடுக்கிறவர்கள் பெரிய தொகையைப் பொறுத்துக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் தொகையைப் பொறுக்கமாட்டார்கள்.

காப்பீட்டையும் இரவுக் காவலையும் இந்தக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 1869இல் நீரில் இறங்கிய தேயிலைக் கப்பல் கட்டி சார்க், பாதுகாப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே 2007 மே 21 அன்று தீப்பிடித்தது. அணைக்காமல் விடப்பட்ட தொழிற்சாலை வாக்யூம் கிளீனர் ஒன்று காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. பாய்மரங்களும் பலகைகளில் பெரும்பகுதியும் வேலைக்காக ஏற்கெனவே கழற்றிக் கொண்டுபோகப்பட்டிருந்ததால் அவை தப்பின. 2.5 கோடி பவுண்டு என்று தொடங்கிய வேலை சுமார் 5 கோடி பவுண்டில் முடிந்து, கப்பல் 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது. வேலை நடக்கும் காலமே கப்பலுக்கு மிக ஆபத்தான காலம்.

பழுதுக்குக் கேட்டுவிட்டுப் பராமரிப்பை மறப்பது

என் மனத்தை மிகவும் வருத்துகிற தவறு இது. இதைச் செய்கிறவர்கள் சோம்பேறிகளோ ஏமாற்றுக்காரர்களோ அல்லர். கப்பலை உயிராக நேசிக்கிறவர்கள். பழுது பார்த்துவிட்டால் கப்பல் பிழைத்துவிடும் என்று அவர்கள் முழுமனத்தோடு நம்புகிறார்கள்.

எஸ்எஸ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற பயணிகள் கப்பல் 1952இல் தன் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கைக் கடக்கும் வேகச் சாதனையை முறியடித்தது. 1996 முதல் பிலடெல்பியாவில் நின்றது. 2011இல் அதைக் காக்க விரும்பியவர்களே விலைக்கு வாங்கினார்கள். கப்பல் சும்மா நிற்பதற்கு மட்டும், துறை வாடகை, காப்பீடு, காவல் என்று மாதம் சுமார் 60,000 டாலர் ஆனது. புதுப்பித்து விடுதியாகவோ அருங்காட்சியகமாகவோ மாற்றும் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, போயின. வாடகை உயர்ந்தது, துறை உரிமையாளரோடு வழக்கு வந்தது, 2024இல் இடத்தைக் காலி செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஃபுளோரிடாவில் ஒரு மாவட்ட நிர்வாகம் கப்பலை வாங்கியது. 2025 பிப்ரவரியில் அது இழுவைப் படகுகளோடு புறப்பட்டது, செயற்கைப் பவளத்திட்டாகக் கடலில் மூழ்கடிக்கப்படுவதற்காக. அந்தக் கப்பல்மீது மக்கள் வைத்திருந்த அன்புக்குக் குறைவில்லை. நிற்கும் இடத்துக்கு நீண்டகால உறுதி இல்லை. மாதச் செலவுக்கு நிலையான வருவாய் இல்லை.

நீரிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டால் செலவு நின்றுவிடும் என்றும் எண்ணவேண்டாம். 1628இல் மூழ்கிய சுவீடன் நாட்டு வாசா 1961இல் தூக்கி எடுக்கப்பட்டது. மரம் சுருங்கி வெடிக்காமலிருக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருள் கலந்த நீரை 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள். அதோடு முடியவில்லை. 2011 தொடங்கி, துருப்பிடித்த 5,000க்கும் மேற்பட்ட போல்ட்டுகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளைப் பொருத்த வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள பழைய நீராவிக் கப்பல் எஸ்எஸ் கிரேட் பிரிட்டனின் இரும்பு உடல், நீர்க்கோட்டு மட்டத்தில் போட்ட கண்ணாடித் தளத்துக்குக் கீழே, ஈரப்பதம் 20 சதவீதமாகக் குறைக்கப்பட்ட காற்றில் நிற்கிறது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்கள் ஓடும்வரை துரு அடங்கியிருக்கும். மின்கட்டணம் கட்டாத மாதம் துரு தன் வேலையைத் தொடங்கிவிடும்.

ஆகவே திரட்டும் பணத்தில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே பராமரிப்பு நிதியாக ஒதுக்கி, அதைத் தொடமாட்டோம் என்று எழுதி வையுங்கள். எந்தத் துறையில், எத்தனை ஆண்டு ஒப்பந்தத்தில் கப்பல் நிற்கப்போகிறது என்பதை வேண்டுகோளிலேயே சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் மாதம் ஒரு சிறு தொகை தருகிற ஆயிரம் பேர், ஒரே முறை பெருந்தொகை தந்துவிட்டு மறந்துவிடுகிற ஒருவரைவிடக் கப்பலுக்கு நல்லவர்கள். உள்ளே கசியும் நீரை இறைக்கும் பம்பு தினமும் ஓட வேண்டும் அல்லவா?

கொடுத்தவர் சொன்ன நோக்கத்தை மீறுவது

பாய்மரத்துக்கும் முகப்புச் சிற்பத்துக்கும் பணம் எளிதாக வரும். பெயரைப் பொறித்து வைக்கலாம், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நீருக்கடியில் மாற்றப்படும் தகட்டுக்கு யாரும் முன்வரமாட்டார்கள். பலகைக்கு இவ்வளவு, ரிவெட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேட்பது நல்ல முறைதான். ஆனால் அடிப்பகுதிக்கும், பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலைக்கும் அப்படிப் பெயர் சூட்டிக் கேளுங்கள். பாய்மரத்துக்கென்று வாங்கிய பணத்தை அவசரத்துக்குப் பம்பு வாங்கச் செலவழித்தால், கப்பல் பிழைத்தாலும் குழுவின் நாணயம் பிழைக்காது. பல நாடுகளில் அது சட்டப்படியும் தவறாகும். “அவசரம் என்றால் கப்பலின் வேறு பாதுகாப்பு வேலைக்கும் பயன்படுத்தலாம்” என்ற ஒரு வரிக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மானியம் வழங்கும் அமைப்புகளிடம் போகும்போது வேறொரு சிக்கல் வரும். கப்பல் யாருடையது என்ற ஆவணம் தெளிவாக இல்லையென்றால் விண்ணப்பம் முதல் மேசையைத் தாண்டாது. ஒப்புதல் வருமுன் தொடங்கிவிட்ட வேலைக்குப் பலரும் பணம் தருவதில்லை. செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டு காட்டினால்தான் பணம் என்பவர்களும் உண்டு. அந்த இடைக்காலத்தில் கூலி எங்கிருந்து வரும் என்பதை யோசிக்காமல் கையெழுத்திட்டால், மானியம் கிடைத்த குழுவே கடனில் விழும்.

கடைசி நேரத்தில் கூக்குரலிடுவது

1971 போரில் பங்கெடுத்த விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, பாதுகாப்புக் காரணங்களால் 2012இல் மூடப்பட்டது. ஏல அறிவிப்பு வந்த பிறகு எழுந்த எதிர்ப்புகளும் பொதுநல வழக்கும் எடுபடவில்லை. 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், அந்த ஆண்டே உடைக்கும் வேலை தொடங்கிவிட்டது. நிரந்தர இடத்துக்கும் நிதிக்கும் வழி செய்வதற்குப் பதினைந்து ஆண்டு காலம் இருந்தது. ஏலத்துக்கும் உடைப்புக்கும் இடையில் சில மாதங்களே இருந்தன.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: ஆண்டுதோறும் “இந்த மாதத்துக்குள் பணம் வராவிட்டால் கப்பல் போய்விடும்” என்று சொல்வது. முதல் முறை மனம் பதைத்துக் கொடுத்தவர், மூன்றாம் முறை கப்பல் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்து நகர்ந்துவிடுவார். கெடு இருந்தால் யார் விதித்தது, எந்தத் தேதி என்று காட்டுங்கள். இல்லையென்றால் கெடு சொல்லவேண்டாம்.

கொடுத்தவர்களுக்குக் காட்டாமல் இருப்பது

கான்ஸ்டிடியூஷன் விஷயத்தில் ஒன்றை மிக அழகாகச் செய்தார்கள். பழுது முடிந்ததும் 1931 முதல் 1934 வரை கப்பலை 90 துறைமுக நகரங்களுக்கு இழுத்துச் சென்றார்கள். 46 லட்சம் பேர் ஏறிப் பார்த்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காசு கொடுத்த பிள்ளை, தன் ஊர்த் துறையிலேயே அந்தத் தளத்தின்மேல் நடந்திருக்கும். எல்லாக் கப்பலையும் இப்படி ஊர் ஊராகக் கொண்டுபோக முடியாது. ஆனால் கழற்றிய பழைய தகட்டின் அரித்த ஓரத்தையும் அதன் இடத்தில் ஏறிய புதிய தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் படமெடுத்து அனுப்ப முடியும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட முடியும். தவறான கணிப்பு நடந்தால் அதையும் நாமே முதலில் சொல்லிவிடவேண்டும். அவர்கள் வேறொருவர் வாயால் கேட்கும்படி விடக்கூடாது.

முதல் வேண்டுகோளிலேயே எழுத வேண்டிய, யாருக்கும் எழுத மனம் வராத ஒரு வரி உண்டு: இலக்கை எட்டாவிட்டால் இந்தப் பணம் என்னவாகும்? திருப்பித் தரப்படுமா, கப்பலை முழுமையாக அளந்து வரைபடமும் படமும் எடுத்துப் பதிவு செய்யப் பயன்படுமா, சக்கரத்தையும் மணியையும் ஒரு துண்டு வங்கையும் அருங்காட்சியகத்தில் சேர்க்கச் செலவாகுமா, அல்லது வேறொரு கப்பலுக்குப் போகுமா? எல்லாக் கப்பலையும் காப்பாற்ற முடியாது என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பணம் கொடுக்கிறவருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது, பையில் கை விடுவதற்கு முன்பே.