ஒழுங்கைக்கு வீதி கேட்குமுன்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஓர் ஒழுங்கை திருத்தப்படாமல் கிடந்தால், காசில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. காசு வருகிற நேரத்தில் சரியான செலவு மதிப்பீடு கையில் இல்லாததும், வந்த காசில் போட்ட வீதி அடுத்த மாரியோடு பெயர்ந்துபோவதும் மீதிப் பாதி.

முதல் தவறு, வீதி யாருடையது என்று பாராமல் கடிதம் எழுதுவது. ஏ-9, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. கிளிநொச்சி நகரம்கூடக் கரைச்சிப் பிரதேச சபைக்குள்தான் வருகிறது. வாய்க்கால் கட்டுமேல் போகும் பாதை என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்தைக் கேட்கவேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஆட்கள் நடந்து நடந்தே உருவான ஒழுங்கைகள் பல உண்டு. அவை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், கிராம அலுவலரையும் காணிக்காரரையும் கூட்டிப் பேசிப் பதிவதே முதல் வேலை.

இரண்டாவது தவறு காலம் தப்பிக் கேட்பது. அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு ஆண்டின் நடுவில் கைக்கு வந்து, கேள்விப்பத்திரம் (ரெண்டர்) கோரி, ஒப்பந்தம் எழுதி முடிய ஒக்டோபர் ஆகிவிடுகிறது. அப்போது மாரிமழை தொடங்கிவிடும். டிசம்பர் 31க்குள் செலவழிக்காத காசு திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் சேற்றுக்கு மேலேயே கொங்கிறீற் கொட்டுகிறார்கள். சபையின் அடுத்த ஆண்டுப் பாதீடு ஆண்டிறுதியில் நிறைவேறுகிறது. எனவே ஓகஸ்டிலேயே தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைத்து அளந்து, மதிப்பீட்டைத் தயாராக வைத்திருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத்தான் தை மாதம் கேட்க வாய் இருக்கும்.

இனி வருவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு: வீதியைக் கேட்பது, நீரை மறப்பது. எங்கள் நிலம் தட்டை. கிளிநொச்சியில் நீர் தெற்கே இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து வடக்கே கடல்நீரேரியை நோக்கி நகர்கிறது. கிழக்கு மேற்காகப் போகும் ஒழுங்கையை உயர்த்தினால் அது அந்த நீருக்குக் குறுக்கே போட்ட அணை. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது வந்த வெள்ளத்தை எந்த ஒழுங்கை வாய்க்காலும் தாங்கியிராது. ஆனால் சாதாரண மாரிக்கே வளவுக்குள் முழங்கால் நீர் நிற்பது நாம் போட்ட வீதியால். பழைய கிரவல் பாதை தேய்ந்து பள்ளமாகி, அதுவே வாய்க்காலாக இருந்திருக்கும். அதை வெட்டி எடுக்காமல் மேலே நிரப்பிக் கொங்கிறீற் போட்டதும் வீதி மேலே, வீடு கீழே என்றாகிறது. வீதி இல்லாத காலத்தில் சேற்றில் நடந்தவர்கள், வீதி வந்த பிறகு அடுப்படியில் நீர் இறைக்கிறார்கள். இதைப் பார்க்க வயிறு எரிகிறது.

உத்தியோகத்தர் அளக்க வருவது பெரும்பாலும் கோடையில். அப்போது நீரின் தடம் ஒன்றும் தெரியாது. ஆகவே மழை விட்ட அடுத்த நாளே வயதானவர்களோடு ஒழுங்கை நீளம் நடந்து, நீர் நின்ற உயரத்தை வேலிக் கதியாலில் வர்ணத்தால் குறித்துப் படமெடுத்து வையுங்கள். வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். கடைசி வீட்டுப் படலையோடு முடிகிற வாய்க்கால் அந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம். 500 மீற்றர் கேட்டு வாய்க்காலை விடுவதைவிட, 300 மீற்றரை மதகும் வாய்க்காலும் சேர்த்துக் கேட்பது மேல்.

மண்ணையும் பார்க்கவேண்டும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் களிமண் மழைக்கு வீங்கி, வெயிலுக்கு வெடிக்கும். செம்மண்ணுக்குப் போட்ட அத்திவாரம் அங்கே நிற்காது. மணலும் கிரவலும் ஏற்றும் டிப்பர் போகிற பாதைக்கு வீட்டு ஒழுங்கையின் தடிப்பு போதாது. ஒன்றில் மதிப்பீட்டில் அதைச் சொல்லுங்கள், அல்லது டிப்பரை வேறு வழியால் விடச் சபையோடு பேசுங்கள்.

போருக்குப் பிறகு சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் நடமாடுகிறவர்கள் எங்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். கொங்கிறீற் விளிம்பு அரை அடி உயரத்தில் நிற்க, ஓரம் கிரவலால் நிரப்பப்படாவிட்டால் அவர்களால் ஏறவும் முடியாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை ஒதுக்கவும் முடியாது. இது பெரிய செலவில்லை. மாதர் சங்கத்தைக் கூட்டத்துக்கு அழைத்தால் மூடியில்லாத மதகும் விளக்கில்லாத திருப்பமும் எங்கே என்று உடனே சொல்வார்கள்.

வேலை தொடங்கியபின் மதிப்பீட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். தடிப்பை அளந்து பாருங்கள். எங்கள் வெயிலில் கொங்கிறீற்றை குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒப்பந்தக்காரரின் பணத்தில் ஒரு பகுதியைக் குறைபாடு திருத்தும் காலம் முடியும்வரை நிறுத்திவைப்பது வழக்கம். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வைத்து, முதல் மாரியில் தெரிந்த வெடிப்பையும் நீர் நிற்கும் இடத்தையும் அதற்கு முன்பே படத்தோடு சபைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.